வாழைப்பழம் வயிற்றுக்குள் போன பிறகு

என் தாய்மாமா கல்வராயன் மலை அடிவாரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்து ஊர். எட்டு சைக்கிள், ஆறு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு காற்றடிக்கும் பம்பு. இதுதான் முதலீடு. 80களின் கடைசியில் யாரோ யோசனை சொல்ல, ஒரு கலர் டிவியும் டெக்கும் சின்ன ஜெனரேட்டரும் வாங்கிப் போட்டார். மலைமேல் உள்ள ஊர்களில் திருவிழா, காதுகுத்து என்றால் கூப்பிடுவார்கள். ஒரு ராத்திரிக்கு மூன்று படம். முதல் படம் சாமி படமாக இருக்க வேண்டும். மற்ற இரண்டு அவர் இஷ்டம்.

அவருக்குத் துணையாக ஒரு மலைக்காரர் இருந்தார். மாமா நெட்டை, சிவப்பு, உரத்த குரல். அவர் குட்டை, கறுப்பு, வாயைத் திறந்தால் சிரிப்புதான் வரும். டிவிப் பெட்டியைத் தலையில் சுமந்து மலை ஏறுவது அவர். பின்னாலேயே திட்டிக்கொண்டு வருவது மாமா. "டேய், பாத்து நடடா, உன் தலை போனா பரவால்ல, பெட்டி போச்சுன்னா தொலைச்சுப்புடுவன்" என்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் வேண்டுமென்றே ஒரு காலை இழுத்துத் தடுமாறுவதுபோல நடிப்பார். மாமாவுக்கு உயிர் போய் உயிர் வரும். நாங்கள் சிரிப்போம். ஊரில் இவர்கள் இருவருக்கும் ஒரே பெயர்தான்: கவுண்டமணி – செந்தில்.

1990 அல்லது 91 ஆக இருக்கும். எனக்குப் பத்து, பதினோரு வயது. ஒரு மலையூரின் மாரியம்மன் கோயில் முன்னால் ஜெனரேட்டர் புகைவிட்டுக்கொண்டு ஓட, 'கரகாட்டக்காரன்' போட்டார்கள். வாழைப்பழக் காட்சி வந்ததும் ஊரே உருண்டது. படம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "அந்த வாழப்பழத்த மட்டும் இன்னொரு தரம் போடுப்பா" என்றார். மாமா கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டார். மறுபடி சிரிப்பு. அன்றைக்கு நான்கு தடவை ஓடியது. கடைசித் தடவை வசனத்தை ஊர்க்காரர்களே சொன்னார்கள்.

முப்பது வருடங்களுக்கு மேலாக அந்த இரவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது பெரிய கலை என்று யாரும் சொல்வதில்லை. ஒருத்தர் திட்டுகிறார், உதைக்கிறார். இன்னொருத்தர் வாங்கிக்கொள்கிறார். தலையையும் நிறத்தையும் உடம்பையும் வைத்து நக்கல். கொச்சை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அப்படி என்னதான் அதில் இருக்கிறது, நான்கு தடவை பார்ப்பதற்கு?

*

கொச்சையான இரட்டையர் நகைச்சுவை சினிமா கண்டுபிடித்த சரக்கு அல்ல. நம் பக்கத்திலேயே ஆயிரத்து நானூறு வருடத்துச் சரித்திரம் அதற்கு இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஓர் ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் பெருமை பேசும் குடைவரை அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவனைக் குடைவரைக் கோயில்களின் ராஜாவாகத்தான் படித்தோம். அதே ராஜா எழுதியதுதான் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சம்ஸ்கிருத நாடகம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கதை இதுதான்: சத்தியசோமன் என்றொரு காபாலிக சாமியார், அவனுடைய கூட்டாளி தேவசோமா. இருவரும் நன்றாகக் குடித்துவிட்டுக் காஞ்சிபுரம் தெருவில் தள்ளாடிக்கொண்டு வருகிறார்கள். கள்ளுக்கடையைப் பார்த்ததும் அது யாகசாலை மாதிரியே இருக்கிறதே என்று வரிசையாக ஒப்பிட்டுச் சொல்கிறான் சாமியார். பிறகுதான் தெரிகிறது, பிச்சை வாங்கும் மண்டையோட்டைக் காணவில்லை. அதில் வறுத்த இறைச்சி வேறு இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்கும், இல்லாவிட்டால் பௌத்த பிக்குவாக இருக்கும் என்று முடிவு செய்கிறார்கள். வழியில் வந்த பிக்குவோடு கைகலப்பு. பிக்குவின் முடியைப் பிடித்து இழுக்கப் போகிறாள் தேவசோமா. அவர் தலை மொட்டை. பிடி கிடைக்காமல் கீழே விழுகிறாள். கடைசியில் மண்டையோடு ஒரு பைத்தியக்காரன் கையில் இருக்கிறது. அவன் அதை நாயிடமிருந்து பிடுங்கியிருக்கிறான்.

கோயில் குடைந்த அரசன் எழுதிய நாடகத்தில் குடி, மொட்டைத்தலை, நாய், அடிதடி. இன்றைய படம் ஒன்றின் காமெடி டிராக்குக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்றும் இருக்கிறது. யாருக்கும் நிரந்தரச் சேதம் இல்லை. பிக்கு பிக்குவாகவே போகிறார், சாமியார் சாமியாராகவே போகிறான், மண்டையோடு திரும்பக் கிடைக்கிறது.

சம்ஸ்கிருத நாடகம் அரண்மனை வட்டாரத்துக்கு உரியது என்றால், எங்கள் ஊர்களில் அதே வேலையைச் செய்தது தெருக்கூத்து. கள்ளக்குறிச்சி வட்டாரம் பழைய தென்னாற்காடு. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரெல்லாம் பாரதக் கூத்து நடந்த பூமி. கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் பேர்போன கூவாகமும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

கூத்தில் முதலில் வருபவன் கட்டியங்காரன். அவன் ராஜாவின் சேவகன், விதூஷகன், சனங்களின் வாய், எல்லாமும். திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியுமாக அடவு போட்டுக்கொண்டிருப்பார். தான் யார், எப்பேர்ப்பட்டவன் என்று பாட்டில் சொல்வார். கட்டியங்காரன் வெளியில் நின்று, "யாருய்யா அது? ரேசன் கடையில சக்கரை வாங்க வந்தவரா?" என்பான். ராஜா ஒரு வார்த்தை சொன்னால் இவன் அதை வேறு வார்த்தையாகக் காதில் வாங்குவான். ராஜா கோபித்துக்கொள்வார். ஆனால் துரத்திவிட மாட்டார், துரத்தினால் கூத்து நடக்காது. அந்த ராஜாவுக்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. கட்டியங்காரனுக்கும் ராஜாவை விட்டால் வேலை கிடையாது.

இதுதான் இரட்டையர் நகைச்சுவையின் முதல் விதி என்று நினைக்கிறேன். இருவரும் பிரிய முடியாதவர்களாக இருக்க வேண்டும். பிரிய முடியும் என்றால் அடுத்த அடி விழுவதற்குள் ஒருத்தர் எழுந்து போய்விடுவார். அதற்குமேல் அது சண்டைதான்.

*

இந்த ராஜா–சேவகன் ஜோடி அப்படியே நாடக மேடைக்கும், அங்கிருந்து சினிமாவுக்கும் வந்தது. 1941 டிசம்பரில் ஏவி. மெய்யப்பன் தயாரிப்பில் வந்த 'சபாபதி' பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். பணக்கார அசட்டுப் பையன் சபாபதியாக டி. ஆர். ராமச்சந்திரன். அவனுடைய வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். வேலைக்காரன் பெயரும் சபாபதிதான். எஜமான் முட்டாள், வேலைக்காரன் அடிமுட்டாள். பெயர் ஒன்று, அறிவும் ஏறக்குறைய ஒன்று. இடையில் இருப்பது காசு மட்டும்தான் என்பதைப் படம் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் லாரலும் ஹார்டியும் 1927லிருந்தே ஜோடியாகக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். குண்டர் ஒருவர், ஒல்லி ஒருவர். இருவருமே மடையர்கள், குண்டர் மட்டும் தன்னை அறிவாளி என்று நம்புகிறவர். இந்த வாய்ப்பாடு எந்த ஊருக்குப் போனாலும் வேலை செய்யும்.

கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கம் பிறந்தவர். செந்தில் முதுகுளத்தூர்ப் பக்கம். இருவரும் நாடகத்திலிருந்து வந்தவர்கள். இவர்களுக்கு எழுதிக்கொடுத்த ஏ. வீரப்பனை இன்று பலருக்குத் தெரியாது. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக எழுதிச் சேர்க்கப்படும் நகைச்சுவைப் பகுதியை ஒரு தொழிலாகவே செய்தவர். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் காட்சியும் 1989இன் 'கரகாட்டக்காரன்' வாழைப்பழமும் அவர் கைவேலைதான்.

பெட்ரோமாக்ஸ் காட்சிக்கு மாமா கடையில் தனி மரியாதை. சைக்கிள் கடை, வாடகை விளக்கு, திட்டும் முதலாளி எல்லாமே எங்கள் கடைதான். மேண்டில் என்பது ஒருமுறை எரிந்த பிறகு வெறும் சாம்பல் வலை. விரல் பட்டால் பொடியாகிவிடும். அது தெரியாத செந்தில், இது எப்படி எரிகிறது என்று கேட்டுக்கொண்டே அதைப் பொடியாக்குவார். மேண்டில் மாட்டித் தொழில் செய்தவனுக்குத்தான் கவுண்டமணியின் வயிற்றெரிச்சல் முழுதாகப் புரியும். மாமா அந்தக் காட்சியில் சிரிக்க மாட்டார். "பாவம்டா அவரு" என்பார். மற்றவர்கள் செந்திலைப் பார்த்துச் சிரிப்பார்கள், மாமா கவுண்டமணிக்காக வருத்தப்படுவார்.

வாழைப்பழத்துக்கு வருவோம். கரகாட்டக் கோஷ்டியின் பெரிய ஆள் கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைக் கொண்டுவருகிறார். இன்னொன்று எங்கே என்றால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். அவ்வளவுதான். கவுண்டமணி எப்படி மாற்றி மாற்றிக் கேட்டாலும் இதே பதில். கேள்வியில் தப்பில்லை. பதிலிலும், கறாராகப் பார்த்தால், தப்பில்லை. அடிப்பவருக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். உதைப்பது கவுண்டமணி, தோற்பதும் அவர்தான். அவர் கையிலிருக்கும் அதிகாரம் எல்லாம், வயதோ காசோ வாயோ, செந்திலின் அந்த அசட்டுத் தர்க்கத்திடம் செல்லுபடியாகவில்லை. உதை என்பது தோற்றவரின் கடைசி ஆயுதம். ஆகவே அது விழும்போது நமக்கு வலிப்பதில்லை. ஐரோப்பியக் கோமாளிக் கூத்துகளில் இரண்டு சட்டங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோல் உண்டு. அடித்தால் சத்தம் பலமாகக் கேட்கும், வலி இருக்காது. இந்த வகை நகைச்சுவைக்கே ஆங்கிலத்தில் அந்தக் கோலின் பெயர்தான், ஸ்லாப்ஸ்டிக். சத்தம் உண்டு, வலி இல்லை. வித்தை மொத்தமும் அந்தக் கோலுக்குள் இருக்கிறது.

*

மானிடவியலாளர் ராட்கிளிஃப்–பிரவுன் 1940இல் 'கேலி உறவுகள்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல சமூகங்களில் குறிப்பிட்ட இரண்டு உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கம் உண்டு. அனுமதிக்கப்பட்ட அவமரியாதை. நமக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாமன் மச்சான் என்றால் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பங்காளியிடம் பேச முடியாது. அதே வார்த்தையைப் பங்காளி சொன்னால் வெட்டுக்குத்து, மச்சான் சொன்னால் சிரிப்பு. வார்த்தை கொச்சையா இல்லையா என்பதை வார்த்தை தீர்மானிப்பதில்லை. சொல்கிறவனும் கேட்கிறவனும் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. மச்சான் சொன்னால் திருப்பிச் சொல்லலாம். அந்தத் திருப்பிச் சொல்லும் உரிமைதான் கேலியைக் கேலியாக வைத்திருக்கிறது.

'கரகாட்டக்கார'னிலேயே இந்த விதி சறுக்கும் இடமும் உண்டு. சொப்பன சுந்தரியின் காரை வைத்து வரும் அந்தப் பிரபலமான நக்கலைச் சொல்கிறேன். காரை இப்போது வைத்திருப்பது இவர்கள், சொப்பன சுந்தரியை வைத்திருப்பது யார் என்கிற கேள்வி. சிறுவயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். சொப்பன சுந்தரி அந்தக் காட்சியில் இல்லை. அவள் திருப்பிச் சொல்வதற்கு வழியே இல்லை. செந்திலின் தலையைப் பற்றி நக்கலடித்தால் அடுத்த நிமிடம் செந்தில் கணக்கைத் தீர்த்துவிடுவார். சொப்பன சுந்தரிக்கு அப்படியொரு அடுத்த நிமிடம் கிடையாது. இன்று அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இது எனக்குப் படம் பார்த்துத் தெரிந்ததல்ல. எங்கள் கடை வாசலில் தெரிந்தது.

கல்வராயனில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள்; கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் நாங்கள் என்பது இவர்களின் வாய்மொழிக் கதை. பெயருக்குப் பின்னால் கவுண்டர் பட்டம் உண்டு. இந்த மலை நெடுங்காலம் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும், 1970களின் நடுப்பகுதி வரை அவர்கள் பிடி முழுதாக விடவில்லை. மலைச்சனங்கள் அவர்களுக்கு வெட்டி வேலை செய்தார்கள். வெட்டி என்றால் கூலி இல்லாத வேலை. மேலே ஜாகிர்தார் என்றால், கீழே சந்தை. கடுக்காயும் புளியும் தேனும் கொண்டு இறங்குகிறவர்களைச் சமவெளிக்காரர்கள் 'மலையான்' என்று ஒருமையில்தான் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மாமாவின் கூட்டாளிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். பத்து வயதுப் பையனான நான் அவரை "வா, போ" என்றுதான் பேசினேன். அவர் என்னைத் "தம்பி, வாங்க" என்பார். மாமா அவரை "டேய்" என்பார். அவர் மாமாவை ஒருநாளும் "டா" போட்டதில்லை. "நீங்க"தான். ஊர் அவர்களைக் கவுண்டமணி – செந்தில் என்றது. இந்த ஒரு வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. செந்தில் அண்ணே என்று பணிவாகக் கூப்பிட்டாலும் நினைத்ததைச் செய்துவிடுவார். இவருக்குக் கிடைத்தது அந்தத் தடுமாறும் நடிப்பு ஒன்றுதான். அதுதான் அவருடைய 'திருப்பிச் சொல்வது'.

ஒரு மழைக்காலத்தில் அந்த நடிப்பு நிஜமானது. இறங்கும் வழியில் பாசி படிந்த பாறையில் கால் வழுக்கி டிவி விழுந்தது. உள்ளே குழாய் உடைந்துவிட்டது. உடைந்த பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் கடை வரைக்கும் வந்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அறை விழுந்ததும் சிரித்தார்கள். பழக்க தோஷம். நானும் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாமா ஆள் அனுப்பினார். தானே ஒருமுறை மேலே போனார். "கெடைக்கு வரமாட்டேங்கறான்டா" என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். புது டிவி வாங்கினார், அதைச் சுமக்க வேறு ஆளும் கிடைத்தது. ஆனால் கடையில் அந்தக் கலகலப்பு போய்விட்டது. மாமா யாரையும் திட்டுவதில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லை. திரையில் எத்தனை உதை வாங்கினாலும் அடுத்த காட்சியில் செந்தில் வந்து நிற்பார். அவர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் நாம் சிரிக்கிறோம். வராமல் போகிற செந்திலைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது.

*

2000க்குப் பிறகு ஜோடி மாறியது. ராஜா – சேவகன், அண்ணன் – தம்பி என்ற படிநிலை போய், சம வயது நண்பர்கள் வந்தார்கள். 2010இல் எம். ராஜேஷ் இயக்கிய 'பாஸ் என்கிற பாஸ்கரன்', 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி' இரண்டிலும் நாயகனும் சந்தானமும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருந்தார்கள். திருப்பிச் சொல்லும் உரிமை இப்போது இருவருக்கும் சமம். நல்லதுதான். ஆனால் இவர்கள் சந்திக்கும் இடம் அடிக்கடி மதுக்கூடமாக இருந்தது. அதற்கும் சரித்திரக் காரணம் உண்டு. 2003இல் தமிழக அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை மது விற்பனையை எடுத்துக்கொண்டது. தெருவுக்குத் தெரு கடை வந்தது. நண்பர்கள் உட்கார்ந்து பேசும் இடம் டீக்கடையிலிருந்து பாருக்கு நகர்ந்ததை சினிமா அப்படியே பதிவு செய்தது. இதே தமிழ் சினிமாவில்தான், 1949இல், அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் மதுவிலக்கைப் பிரச்சாரம் செய்தார்.

குடிகாரனைப் பார்த்துச் சிரிப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. மகேந்திரவர்மனே சிரித்திருக்கிறான். அவனுடைய குடிகாரனுக்கு மண்டையோடு திரும்பக் கிடைத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், சாயந்திரம் உடம்புவலிக்குப் பாக்கெட் வாங்கிக் குடித்தவர்கள். ஒரே தெருவில் பந்தல் பந்தலாகப் போட்டுப் பிணங்களைக் கிடத்தியிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கப்புறம் கொஞ்ச நாள் எந்தக் குடி காமெடியும் எனக்கு ஓடவில்லை. தள்ளாடி விழுகிறவன் எழுந்துவிடுவான் என்ற உத்தரவாதம் போய்விட்டது.

கருணாபுரத்துக்குப் பிறகுதான் கல்வராயன் மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்பதெல்லாம் செய்தியானது. பேப்பரில் மலையின் படங்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு துண்டை உதறுகிற சத்தம்தான் கேட்டது. அந்த வருடக் கடைசியில் வெள்ளிமலைக்குப் போய், விசாரித்து, அவருடைய வீட்டைக் கண்டுபிடித்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பற்கள் போய்விட்டன. யாரென்று சொன்னதும், "தம்பி, வாங்க" என்றார், அதே குரலில். மாமா இறந்து பதினைந்து வருடமாகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டெக்கு இருக்குதா இன்னும்?" என்றார். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றேன். "அடடா" என்றார். டெக்குக்குத்தான் அதிகமாக வருத்தப்பட்டதுபோல இருந்தது.

உள்ளே பேரன் செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கவுண்டமணி, செந்தில்தான். அவன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னால் வந்த படம்.

அறையைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, "அன்னைக்கு மாரியம்மன் கோயில்ல வாழப்பழத்த நாலு தரம் போட்டமே, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்கதான் எல்லாரையும்விட அதிகமா சிரிச்சீங்க" என்றேன். அவரிடம் நான் 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"சிரிக்காம?" என்றார். "அவரு அடிக்கறாரு, ஒதைக்கறாரு, கத்தறாரு. ஆனா பழம் வயித்துக்குள்ள போயிடுச்சு தம்பி. எத்தினி அடிச்சாலும் திரும்பி வருமா அது?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.